தீக்குச்சியும் வால்ட்யூபும்

போன மே மாதம் நாகலாபுரத்தில், பெரியம்மா வீட்டுத் திண்ணையில் பதினோரு பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு பொருளைப் புதிதாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க முயன்றேன். நான் சாப்ட்வேர் ஆள். ஊருக்குப் போனால், "லீவுல சும்மா திரியுதுக, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் சொல்லிக்குடுங்க தம்பி" என்று யாராவது கேட்பார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். மத்தியானம் கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். பதினோரு பேர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் படிப்பு இல்லை, சினிமா. அதனால் கோவில்பட்டியில் பஸ் மாறும்போது கொஞ்சம் தீப்பெட்டிகளும், ஒரு பழைய சைக்கிள் கடையில் இரண்டு மீட்டர் வால்ட்யூபும் வாங்கிக்கொண்டேன்.

வால்ட்யூப் என்றால் இதை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பழைய சைக்கிள் வால்வில், அடித்த காற்று திரும்பி வராமல் இருக்க மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய். கடைக்காரர் ஒரு டப்பாவின் அடியிலிருந்து எடுத்துத் தந்துவிட்டு, "இதை இப்ப யாரு கேக்கா?" என்றார்.

குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ட்யூபை விரல்நுனி நீளத்துக்கு வெட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் வளைகிற மூட்டு ஒன்று கிடைத்துவிடும். மூன்று குச்சி, மூன்று துண்டு ட்யூப் என்றால் முக்கோணம். நான்கும் நான்கும் என்றால் சதுரம். சதுரத்தை ஒரு விரலால் தள்ளினால் சாய்ந்து படுத்துவிடும். முக்கோணத்தை என்ன செய்தாலும் அசையாது. ட்யூபின் நடுவில் முள்ளால் ஓட்டை போட்டு மூன்றாவது குச்சியைக் குத்தினால் கூரை வரும், கோபுரம் வரும், பாலம் வரும். சீமைக்கருவேல முள் இதற்கென்றே படைக்கப்பட்டது மாதிரி இருக்கிறது. அந்த மரத்தால் ஊருக்கு விளைந்த நல்லதுகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், பட்டியல் சிறியதுதான்.

ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் சதுரத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்தான். சதுரம் நின்றது. தலையைத் தூக்கி, ரேஷன் கடை இரும்புக் கதவில் மூலைக்கு மூலை போட்டிருக்கிற பட்டை அதுக்குத்தானா என்று கேட்டான். அந்தக் கதவை அவன் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

திண்ணையின் அந்தக் கோடியில் பெரியம்மா முண்டு வத்தலைக் குவித்துவைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு எடுத்துவருகிற வேலை. வெகுநேரம் எங்களைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"குச்சிய இப்பிடியா பிடிப்பாக?"

கொட்டிக் கிடந்த குச்சிகளில் ஒரு கையை வைத்தார். கையை எடுத்தபோது விரல்களுக்கிடையில் பத்துப் பதினைந்து குச்சிகள், எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, நுனி பிசகாமல் இருந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "இன்னொரு தடவ பாட்டி!" என்றார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பவும் செய்தார். அறுபதைத் தாண்டிய கை. எட்டு வயதில் பழகியது.

*

தீக்குச்சியையும் வால்ட்யூபையும் சேர்த்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்து 1975இல் வெளியே வந்து, புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1978இல் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து, 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலை மனப்பாடம் செய்யாமல் செய்துபார்த்துக் கற்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தன. டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். 'பால வைஞானிக்' என்று பாடநூலுக்குப் பெயர். அதில் விடை இருக்காது, செய்யவேண்டியது மட்டும் இருக்கும். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம். 1978இல் அது மாவட்டம் முழுக்க விரிந்தது.

அந்தப் பள்ளிகளுக்குக் கண்ணாடிக் குடுவைகளும் கருவிகளும் வாங்கிக் கட்டுப்படியாகாது. வாரச் சந்தையில் என்ன கிடைக்குமோ அதை வைத்துத்தான் செய்யவேண்டும். லாரி செய்துகொண்டிருந்த பொறியாளர் சந்தையில் அலைந்து தேடியதில் கிடைத்த ஜோடி இது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் 'மெக்கானோ' என்ற இரும்புப் பட்டைகளை வைத்துச் செய்ததை, கிராமத்துப் பிள்ளைகள் சில்லறைக் காசில் செய்தார்கள். குப்தாவின் தீக்குச்சிப் புத்தகம் பல இந்திய மொழிகளுக்குப் போனது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஹோஷங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002இலேயே மூடிவிட்டது. முப்பது வருடம் நடந்த ஒன்றை ஓர் உத்தரவில் நிறுத்திவிட முடிகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் காற்று வேறு வழியாக வந்தது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இலிருந்து 'துளிர்' மாத இதழ், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி, 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. என்னைப் போன்ற ஒரு தலைமுறை கரிசல் பையன்களுக்குப் 'பரிசோதனை' என்ற சொல்லே அப்படித்தான் கைக்கு வந்தது.

ஆனால் எந்தக் கட்டுரையிலும் நான் வாசிக்காத ஒன்றைப் பெரியம்மா திண்ணையில் காட்டினார். ஹோஷங்காபாத்தில் ஒரு பிள்ளை தீக்குச்சியை எடுத்து முக்கோணம் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே வயதுப் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் அந்தத் தீக்குச்சியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

*

தீக்குச்சியின் கதை ஒரு கைப்பிசகில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், 1826இல் ரசாயனம் கலக்கிக்கொண்டிருந்தபோது, குச்சியில் ஒட்டிக் காய்ந்திருந்த கலவை அடுப்புக் கல்லில் உரசித் தீப்பிடித்தது. 1827இல் விற்க ஆரம்பித்தார். காப்புரிமை எடுக்கவில்லை. பிறகு வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி வந்து, அதைச் செய்த பெண்களின் தாடை எலும்புகளை அழுகவைத்தது. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கெல்லாம் வெகுமுன்னே, 1844இல், ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார். மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குச்சியிலும் மறு பாதியான சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்துவிடுவது. இரண்டும் சேர்ந்தால்தான் தீ. நம் வீட்டில் இருக்கிற சேப்டி மேச்சஸ் அதுதான். ஸ்வீடன்காரர்கள் அந்த நூற்றாண்டிலேயே குச்சி அடுக்குவதற்கும் மருந்தில் முக்குவதற்கும் பெட்டியில் அடைப்பதற்கும் எந்திரம் செய்துவிட்டார்கள். 1920களில் அந்த ஸ்வீடிஷ் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்கே வந்து எந்திரத்தில் தீப்பெட்டி செய்தது.

அதே 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்தால் வேறு பிழைப்பு இல்லாத பூமி. வெயில் காய்கிற வேகத்தில் மருந்து முக்கிய குச்சி சட்டென்று உலர்ந்துவிடும். சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று தொழில் பரவியது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் 'தீப்பெட்டி ஆபீஸ்'. ஆபீஸுக்குப் போகிறேன் என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்லும். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியம்மா, "நீயும் ஆபீஸுக்குப் போறியா, நல்லாருய்யா" என்று சொன்னதில் கேலி இல்லை. அவர் வாழ்க்கையில் ஆபீஸ் என்றால் அது ஒன்றுதான்.

இங்கேதான் எனக்கு உறைத்த விஷயம். குச்சியைச் சட்டத்தில் அடுக்கும் எந்திரம் உலகத்தில் இருந்தது. பம்பாய்ப் பக்கத்து விம்கோ ஆலை வரைக்கும் வந்துவிட்டது. இங்கே மட்டும் ஏன் வரவில்லை? கையால் செய்யும் தீப்பெட்டிக்கு அரசு கலால் வரியைக் குறைத்து வைத்திருந்தது ஒரு காரணம். சிறு தொழில் பிழைக்கவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அதற்கும் அடியில் இருந்த காரணம், பிள்ளையின் விரல் எந்திரத்தைவிட மலிவு. விரல் சிறிது, வேகம், கூலி பாதி. விடிவதற்கு முன்னால் கிராமம் கிராமமாக வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள்.

நெருக்கடி கண்டுபிடிப்பின் தாய் என்கிறார்கள். முதலாளிக்கு நெருக்கடி இருந்தால்தான் அந்தப் பழமொழி வேலை செய்யும். பிள்ளைக்கு இருக்கிற நெருக்கடிக்கு யாரும் எந்திரம் செய்வதில்லை.

1983இல் ஸ்மிது கோத்தாரி இதைப் பற்றி எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார். தீக்குச்சியில் ரத்தம் இருக்கிறது என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990இல் சலம் பென்னுர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்டவேண்டும் என்றது. இதற்கு நடுவில் 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் செய்த வேலை தனி. தட்டில் சோறு விழுகிற இடத்துக்குப் பிள்ளை போகும். ஆனாலும் ஆபீஸ் வேன் பள்ளிக்கூட மணிக்கு முன்னால் வந்துவிடும் என்பதுதான் அன்றைய சிக்கல்.

*

பெரியம்மா சொன்ன கதையை அவர் சொன்ன மாதிரியே எழுதிவிடுகிறேன்.

"கட்ட அடுக்குறதுனா என்னன்னு நெனச்ச? சக்கையில கோடு கோடா பள்ளம் இருக்கும். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு சக்கை நெறஞ்சா அதுமேல இன்னொரு சக்கை. இப்பிடி மேல மேல வச்சி இறுக்குனா ஒரு கட்ட. கட்டைக்கு இம்புட்டுனு கூலி. குச்சி சாக்குல வரும், குப்ப மாதிரி கொழம்பிக் கெடக்கும். அத ஒரே பக்கமா அள்ளி எடுக்குறதுக்குத்தான் நேரம் போவும். எனக்குப் பத்து வயசு இருக்கும். அம்மா ரொட்டி டின் மூடி ஒண்ணு சோத்துக்கு மூடக் குடுத்துவிட்டிருந்தாக. ஒருநா சும்மா வெளாட்டுக்கு அதுல குச்சியக் கொட்டி ஆட்டுனேன். ஆட்ட ஆட்ட அதுபாட்டுக்குப் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிருச்சு. அப்பிடியே வழிச்சுச் சக்கையில போட்டேன். எட்டுக் கட்ட அடுக்குற நான் அன்னைக்குப் பதினொண்ணு அடுக்குனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எல்லாப் பிள்ளைகளும் மூடி கொண்டாந்துச்சு. ரெண்டு வாரம் எல்லாருக்கும் காசு கூட வந்துச்சு. கணக்கப்பிள்ள பாத்தாரு. கட்டைக்குக் கூலியக் கொறச்சுட்டாரு. பதினொண்ணு அடுக்குனா முந்தி எட்டுக்கு வந்த காசு. பெரிய பிள்ளைக எல்லாம் என்னையப் பிடிச்சு வஞ்சுச்சுக. உன்னாலதாண்டி, பேசாம இருந்தா என்னன்னு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"மூடிய வீட்டுல வச்சுட்டேன். அதுக்கப்புறம் எதுவும் ரோசிக்கல."

கோவில்பட்டிப் பக்கம் இப்போது பகுதி எந்திரமாகவும் முழு எந்திரமாகவும் தீப்பெட்டி செய்கிறார்கள். நாலைந்து வருடம் முன்னால் ஒரு தொழிற்கூடத்தில் கட்டை அடுக்கும் எந்திரத்தை நின்று பார்த்திருக்கிறேன். மேலே ஒரு தட்டு விடாமல் குலுங்கிக்கொண்டிருக்கும். குலுங்கக் குலுங்கக் குச்சிகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுத்துக்கொண்டு கீழே சக்கையின் பள்ளத்தில் இறங்கும். அன்றைக்கு அது எனக்கு வெறும் எந்திரமாகத்தான் தெரிந்தது.

*

குழந்தைகளுக்குக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற கேள்வியை உலகத்தில் மிகப் பிடிவாதமாகக் கேட்டவர் சோவியத் யூனியனின் கென்ரிக் ஆல்ட்ஷுல்லர். நான் அவர் பெயரைக் கேள்விப்பட்டது ஏசி அறையில் நடந்த ஒரு கம்பெனிப் பயிற்சியில். 'ட்ரிஸ்' என்ற பெயரில் நாற்பது உத்திகளை நாற்பது ஸ்லைடாகக் காட்டினார்கள். மூன்றாவது ஸ்லைடில் தூங்கிவிட்டேன். அவருடைய வாழ்க்கையைப் பிற்பாடு வாசித்தபோதுதான் தூக்கம் போனது.

1926இல் தாஷ்கண்டில் பிறந்து பாகு நகரத்தில் வளர்ந்தவர். கடற்படையில் கண்டுபிடிப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலை. ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் படித்துப் படித்து, கண்டுபிடிப்பு என்பது அருள்வாக்கு இல்லை, அதற்கு வழித்தடம் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். நாட்டில் கண்டுபிடிப்புகளின் நிலைமை மோசம் என்று நண்பர் ரஃபேல் ஷபீரோவோடு சேர்ந்து 1948இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். 1950இல் கைது, 25 வருடத் தண்டனை, ஆர்க்டிக்கின் வொர்க்குடா முகாம். ஸ்டாலின் செத்த பிறகு 1954இல் விடுதலையானார். 1956இல் இருவரும் சேர்ந்து முதல் கட்டுரையை வெளியிட்டார்கள்.

அவர் சொன்னதன் சாரம் எளிது. ஒரு பொருளில் ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெட்டுப்போகிற இடத்தைத் தேடு. வெற்றிலைக்கும் வேண்டும், கொட்டைப்பாக்குக்கும் வேண்டும் என்று பங்கு பிரித்துச் சமாளிப்பவன் கண்டுபிடிப்பாளன் இல்லை. முரண்பாட்டையே இல்லாமல் செய்பவன்தான் அவன். அவர் சொல்லும் ஓர் உதாரணம்: நிலவுக்கு அனுப்பும் கலத்தில் விளக்கு வைக்கவேண்டும், தரையில் இறங்கும் அதிர்ச்சியில் பல்பின் கண்ணாடி உடைந்துவிடும். கண்ணாடியை எப்படிப் பலப்படுத்துவது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி எதற்கு? உள்ளே காற்று புகாமல் காக்க. நிலவில்தான் காற்றே இல்லையே! கண்ணாடியே வேண்டாம்.

1974 முதல் 1986 வரை 'பியனேர்ஸ்கயா பிராவ்தா' என்ற சிறுவர் செய்தித்தாளில் இந்த மாதிரிப் புதிர்களைக் கொடுத்து எழுதினார். பிள்ளைகளின் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றை வைத்தே தன் முறையைத் திருத்தினார், 1984இல் சிறுவர்களுக்கென்றே ஒரு புத்தகமும் போட்டார். பெரியவர்களுக்கு வருகிற இடத்தில் தடங்கல் எங்கே வருகிறது, பிள்ளைகளுக்கு எங்கே வருகிறது என்று அவருக்குக் கடிதங்களில் தெரிந்தது. நியூ செஞ்சுரி புத்தக நிலைய வண்டி கிராமம் கிராமமாகச் சோவியத் புத்தகங்களைச் சல்லிசாக விற்ற காலம் அது. பெரல்மானின் பௌதிகம் தமிழில் வந்த அந்த வண்டியில் ஆல்ட்ஷுல்லரையும் ஏற்றிவிட்டிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு.

நம் பக்கத்தில் இதே எண்ணத்தை வேறு பாஷையில் பேசியவர் ஜி.டி. நாயுடு. 1893இல் கோவைப் பக்கத்துக் கலங்கலில் பிறந்து, பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாமல், ஹோட்டலில் வேலைபார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கியவர். வாங்கியதும் முதல் வேலையாக அதைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்கியபோது, நான்கு வருடம் எதற்கு, அதில் பாதிக் காலமே போதும் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். நான்கு வருடம் பி.இ. படித்தவன் என்ற முறையில் நான் நாயுடு கட்சி. அந்த நான்கு வருடத்தில் ஒரு பொருளைக்கூட நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தால் லேப் அட்டெண்டர் அபராதம் போடுவார்.

இப்போது நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016இலிருந்து நடக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. முப்பரிமாண அச்சு எந்திரம், சென்சார், ரோபோ உதிரிகள். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் அந்த அறை பூட்டியிருந்தது. பொருள் உடைந்துபோனால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். உடைக்கக்கூடாத பொருளை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது. தீக்குச்சி இந்த விஷயத்தில் ராஜா. ஒடிந்தால் இன்னொன்று.

*

நிலவு விளக்குப் புதிரைத் திண்ணையில் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் நிலவு தூரத்தில் இருந்தது. அதனால் உள்ளூர்ப் புதிர் ஒன்று போட்டேன். "கரிசல் காஞ்சு கெடந்தா விதை முளைக்காது. மழை பேஞ்சா சகதி, கால் வைக்க முடியாது, மாடும் ஏரும் இறங்காது. காஞ்ச மண்ணுலயும் விதைக்க முடியாது, நனைஞ்ச மண்ணுலயும் விதைக்க முடியாது. எப்ப விதைப்ப?"

ஒரு பெண்பிள்ளை யோசிக்கவே இல்லை. "புழுதியில விதைச்சுப் போட்டுருவோம் சார். மழை எப்ப வருதோ அப்ப முளைச்சுக்கிரும்."

ஆமாம், புழுதி விதைப்பு. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணுக்குள் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது. ஆல்ட்ஷுல்லரின் நாற்பது உத்திகளில் 'முன்கூட்டியே செய்துவிடு' என்று ஒன்று இருக்கிறது. இதுதான் அது. பருத்தி விதையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று சிக்கும், கையில் உதிராது. அதற்குச் சாணிக் கரைசலில் புரட்டிக் காயவைப்பார்கள், மணிமணியாகப் பிரிந்துவிடும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், மானாவாரி விதைகளை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் திரும்பக் காயவைத்து வறட்சியைத் தாங்கச்செய்யும் முறையைப் பின்னாளில் பரப்பியது. பழைய அறிவின் மேல் புது அறிவு உட்கார்ந்தது. இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று எங்கும் பெயர் இல்லை. நல்லவேளை, நிலத்தில் அதன் பலன் கண்டுபிடித்தவன் குதிருக்குள் வந்தது. சொந்த நிலம் இருந்தவனுக்கு, அதையும் சொல்லவேண்டும்.

அந்தப் பிள்ளைகளுக்கு முரண்பாடு என்ற சொல் தெரியாது, ஆனால் முரண்பாட்டிலேயேதான் வளர்கிறார்கள். நுங்குக் கூந்தலில் வண்டி செய்கிறவர்கள், காலித் தீப்பெட்டியில் நூல் கட்டி டெலிபோன் பேசுகிறவர்கள். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நீங்கள் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது தப்பு இல்லை. மூன்றாவது நாள் அவர்களே புதிர் கொண்டுவரட்டும் என்று விட்டுவிட்டேன்.

புழுதி விதைப்புச் சொன்ன அதே பெண்பிள்ளை பெரியம்மாவைக் காட்டினாள். "பாட்டிக்கு வத்தக் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கை எரியுது. ராத்திரி தேங்காண்ணெ தடவிட்டு உக்காந்திருக்காக. காம்பு போகணும், ஆனா கை வத்தலத் தொடக்கூடாது."

அரை மணி நேரம் சண்டை. கையுறை என்றான் ஒருவன், வழுக்கும் என்றாள் இன்னொருத்தி. கத்திரிக்கோல் என்றார்கள், ஒவ்வொன்றாக வெட்டினால் நாள் பூராவும் ஆகும். நகத்தால்தானே கிள்ளவேண்டும், நகத்தை மூடினால் எப்படிக் கிள்ளுவது என்ற இடத்தில் எல்லோரும் முட்டி நின்றார்கள். அப்போது அந்தப் பெண்பிள்ளை ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளாமல் திருகிப் பார்த்தாள். சுளுவாக வந்துவிட்டது. கிள்ளவே வேண்டாம், வழுக்காமல் பிடித்தால் போதும். ரேஷன் கடைக் கதவுப் பையன் ஓடிப்போய்க் கிழிந்த சைக்கிள் ட்யூப் கொண்டுவந்தான். பட்டை வெட்டி, சுருட்டி, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினார்கள். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. முதலில் செய்தது பெரிதாகப் போய்க் கழன்று விழுந்தது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது.

பெரியம்மா மாட்டிக்கொண்டு கிள்ளினார், இல்லை, திருகினார். ஒரு கை, இரண்டு கை, ஒரு முறம். முகத்தில் எதுவும் தெரியவில்லை. விரலைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எரியல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏய்யா, இதப் போட்டா ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ கூடக் கிள்ளலாம். கமிசன் கடைக்காரரு பாத்தா கிலோவுக்கு எம்புட்டுக் கொறைப்பாரு?"

என்னிடம் பதில் இல்லை. நாற்பது உத்தியிலும் அது இல்லை.

அந்தப் பெண்பிள்ளைதான் சொன்னாள். "நம்ம ஏன் சொல்லணும் பாட்டி? கடைக்கு எடுத்துட்டுப் போகும்போது கழட்டி வச்சுட்டுப் போங்க."

பெரியம்மா அவளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையையும் நீட்டினார்.

"இந்தக் கைக்கும் ரெண்டு வெட்டுத்தா."